பொட்டு வைக்கும் இடம்

நான்காம் நம்பர் வென்டிலேட்டர் பொய் சொல்கிறது என்று ஜெயசீலி சொன்னபோது, சூப்பரின்டெண்ட் டாக்டர் வெங்கடராமன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் முகம் அவருக்குத் தெரியாது. கேட்க விரும்பாத விஷயங்களை அவர் அப்படித்தான் கேட்பார்.

பம்பாயில், செம்பூரிலிருந்து தேவ்நாருக்குப் போகும் வழியில் இருந்த சிறிய டிரஸ்ட் ஆஸ்பத்திரி அது. கருவிகளுக்கெல்லாம் ஜெயசீலிதான் பொறுப்பு. கொரோனா காலத்தில் நன்கொடையாக வந்த நான்கு வென்டிலேட்டர்கள் அங்கே இருந்தன. மூச்சுவிட முடியாதவருக்கு மூச்சைத் தள்ளிக் கொடுக்கும் மிஷின். எவ்வளவு காற்றைத் தள்ளினோம் என்பதைத் தன் திரையில் அதுவே எழுதிக்கொள்ளும். தேர்தலில் நிற்பவரே ஓட்டையும் எண்ணுகிற ஏற்பாடு என்பாள் ஜெயசீலி. நான்காவது மிஷின் திரையில் முழு மூச்சு என்று காட்டிவிட்டு முக்கால் மூச்சுதான் கொடுக்கிறது என்பது அவள் கட்சி.

ஆனால் அந்த மிஷினின் நெற்றியில் பச்சை ஸ்டிக்கர் இருந்தது. மிஷின்களைப் பராமரிக்கும் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் சாய்நாத் போன வாரம் வந்து, நான்குக்கும் ‘பரிசோதித்தது, சரி’ என்று ஒட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போயிருந்தான். பரிசோதிக்கும் வெளிநாட்டுக் கருவி அவனுடைய கறுப்பு சூட்கேஸில் உண்டு. அந்த சூட்கேஸ் அன்று ஒரே ஒரு தடவை திறந்ததையும், அதிலிருந்து ஸ்டிக்கர் சுருள் மட்டும் வெளியே வந்ததையும் ஜெயசீலி பார்த்திருந்தாள். பார்த்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவன் பக்கம் கம்பெனி. அவள் பக்கம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் ஒரு ரெக்ஸின் பையும்.

பெட்டியை அவளும் பத்மஜாவும் சேர்ந்து செய்தார்கள். பத்மஜா மாட்டுங்காக்காரி. பாலிடெக்னிக் ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் லேப் நடத்தி, விருப்ப ஓய்வு வாங்கி, பிறகு வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல் தவித்தவள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து முகம் தெரியாத சிலர் சேர்ந்து, வென்டிலேட்டரைச் சோதிக்கும் மலிவான கருவிக்குப் படம் வரைந்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார்கள். யாரும் எடுத்துச் செய்யலாம், மாற்றலாம், மாற்றியதைத் திரும்பப் போடலாம். அந்தக் கூட்டத்தில் மாட்டுங்கா சார்பில் பத்மஜா இருந்தாள். இந்த மாதிரிக் கருவி எங்கே கிடைக்கும் என்று ஜெயசீலி விசாரிக்கப் போக, இருவரும் பழக்கமானார்கள்.

ரெக்ஸின் பைதான் நுரையீரல். நோயாளிக்குப் பதிலாக அதை மிஷினோடு மாட்டுவார்கள். பை உப்பும்போது உள்ளே ஏறும் அழுத்தத்தை வைத்து எவ்வளவு காற்று வந்தது என்று பெட்டி கணக்குப் போடும். பையைத் தைத்துக் கொடுத்தவள் தாராவியில் லேடீஸ் ஹேண்ட்பேக் தைக்கும் நுஸ்ரத். முதல் நுரையீரலுக்கு அவள் ஜிப் வைத்துவிட்டாள். பை என்றால் ஜிப் இல்லாமல் எப்படி என்று ஜெயசீலியோடு சண்டைக்கும் வந்தாள். இரண்டாவதில் ஜிப் இல்லை. ஆனால் கை பழக்கத்தில் ஓரத்தில் ஒரு லேபிளைச் சேர்த்துத் தைத்துவிட்டாள். இத்தாலி ஊர் ஒன்றின் பெயர் போட்ட தங்க நிற லேபிள். பிரித்தால் காற்று ஒழுகும் என்பதால் ஜெயசீலி அதை விட்டுவிட்டாள்.

வெங்கடராமன் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். விஜயதசமியன்று காலையில் ஓர் ஆபரேஷன் இருந்தது. அந்த நோயாளி வெளியே வரும்போது வென்டிலேட்டர் தேவைப்படும், மாடியில் ஐ.சி.யு.வில் காலியாக இருக்கும் கட்டிலுக்கு முறைப்படி போக வேண்டியது நான்காம் நம்பர்.

“விஜயதசமி, எது ஆரம்பிச்சாலும் நன்னா வரும்” என்றார். “அன்னிக்குக் கார்த்தால சாய்நாத்தையும் வரச் சொல்றேன். அவர் எதிர்ல உங்க பெட்டி நாலையும் சோதிக்கட்டும். சரியா சொல்லித்துன்னா இனிமே அது இல்லாம ஒரு மிஷினும் மேல போகாது. தப்பா சொல்லித்துன்னா பெட்டி இந்தக் கேட்டுக்குள்ள வரப்படாது, நாலாம் நம்பர் நேரா மேல போகும். சம்மதமா?”

ஜெயசீலி சம்மதித்தாள். அன்று மத்தியானமே பெட்டியை ஓட்டிப் பார்த்தாள். சொக்கத்தங்கமாக வேலை செய்தது.

ஆயுத பூஜையன்று சாயங்காலம், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த பத்மஜாவின் பிளாட்டுக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனதுதான் பிசகு. இரண்டு நாளைக்கு முன்பு பெட்டிக்குப் புது மூடியும் புது முகப்பும் வந்திருந்தன. அந்தக் கூட்டம் கடைசியாகத் திருத்திப் போட்ட படத்தின்படி த்ரீ-டி பிரிண்டரில் அச்சிட்டது. ஜெயசீலியே அவற்றைப் பொருத்திவிட்டாள். பத்மஜா ஒரு பார்வை பார்க்கட்டும் என்று கொண்டுபோனாள். பத்மஜா பார்த்தாள். உடனே அதைப் பூஜையில் வைக்க வேண்டும் என்றாள்.

“அக்கா, இது ஆயுதம் இல்ல” என்றாள் ஜெயசீலி.

“அதை சாய்நாத்கிட்ட கேளு, ஆயுதமா இல்லையான்னு.”

ஜெயசீலியால் ரொம்ப எதிர்க்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இதே பெட்டியைத் தாராவிக் கோவிலுக்குக் கொண்டுபோய், ஃபாதரிடம் மந்திரித்துத் தரச் சொன்னவள்தான் அவளும். தீர்த்தம் மட்டும் தெளிக்காதீங்க ஃபாதர், உள்ள சர்க்யூட் இருக்கு என்று சொல்லி, அவரைக் கையை மட்டும் உயர்த்த வைத்தவள். ஒரு சாமிக்குக் காட்டியதை இன்னொரு சாமிக்கு மறைப்பது மரியாதையாக இருக்காது. அவள் ஹாலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பத்மஜா சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு பூஜை அலமாரியின் முன்னால் உட்கார்ந்தாள்.

சால்டரிங் அயர்னுக்கு ஒரு பொட்டு. மல்டிமீட்டருக்கு ஒரு பொட்டு. மிக்ஸிக்கு, தையல் மிஷினுக்கு, கணவரின் லேப்டாப்புக்கு. பெட்டிக்கு எங்கே வைப்பது என்று ஒரு நிமிடம் யோசித்தாள். புது முகப்பின் நடுவில் அழகாக ஒரு வட்டம், சற்று மேடாக, அளவெடுத்ததுபோல. நடுவில் ஒரு சின்னப் புள்ளி வேறு. இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று அவளுக்குத் திருப்தி. கெட்டிச் சந்தனத்தை அழுத்தி வைத்து, மேலே குங்குமம் இட்டாள்.

அந்தப் புள்ளி ஒரு துளை. பழைய பெட்டியில் அது அடிப்பக்கம் இருந்தது. புதிய படத்தில் முன்னால் கொண்டுவந்து, யாரும் தெரியாமல் மூடிவிடக் கூடாதே என்று சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தார்கள். பத்மஜாவுக்கு அந்தத் துளையின் வேலை நன்றாகத் தெரியும். ஆனால் அன்று சாயங்காலம் அவள் பெட்டியைப் பூஜைக் கண்ணால்தான் பார்த்தாள்.

புறப்படும் முன் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று ஜெயசீலிக்கு அரிப்பு. அதற்குள் பெட்டி பட்டுத் துணிக்கடியில் போயிருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் எடுக்கும்வரை தொடக் கூடாது.

“எனக்கு அந்த ரூலெல்லாம் கிடையாதுல்லா அக்கா. நான் ஒருக்க ஓட்டிப் பாத்துக்கிடுதேன்.”

“உனக்குக் கிடையாது. பொட்டிக்கு உண்டு. உள்ள போயிடுத்தே” என்றாள் பத்மஜா. “கார்த்தால நானே கொண்டுவரேன். பத்திரமா.”

காலையில் சொன்னபடியே டாக்சியில் வந்தாள். டாக்சியின் முகப்பில் சாமந்தி மாலை, அவள் மடியில் பட்டுத் துணி சுற்றிய பெட்டி. ஆஸ்பத்திரியும் தசராவுக்கு அலங்காரமாக இருந்தது. ஐ.சி.யு.வுக்குக் கீழ்த்தளத்து அறையில், ஏ.சி. குளிரில், நான்கு வென்டிலேட்டர்களும் கழுத்தில் மாலையோடு கல்யாணப் பந்திக்கு உட்கார்ந்தவர்கள்போல வரிசையாக நின்றன.

சாய்நாத் லீவு நாளில் கூப்பிட்ட எரிச்சலை முகத்தில் காட்டாமல் வந்தான். தசராவுக்குத் தங்கம் என்று சொல்லி பம்பாயில் கொடுத்துக்கொள்ளும் ஆப்டா இலை ஒரு கட்டு அவன் கையில். எல்லோருக்கும் ஒன்று கொடுத்தான். ஜெயசீலிக்கு இரண்டு.

“சோனா கியா மேடம், தங்கம் எடுத்துக்கோங்க. இன்னைக்கு உங்களுக்குத் தேவைப்படும்.”

வெங்கடராமன் ரெக்ஸின் பையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தங்க நிற லேபிளைப் படித்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக மரியாதை தெரிந்தது.

“இம்போர்ட்டடா?”

“தாராவி, டாக்டர். நைன்ட்டி ஃபீட் ரோடு.”

அவர் பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

ஜெயசீலி பெட்டியை மேஜைமேல் வைத்து, சுவிட்சைப் போட்டு, சைபருக்குக் கொண்டுவந்தாள். முகப்பு சாய்நாத் பக்கமாகவும் திரை தன் பக்கமாகவும் இருந்தது. முதல் மிஷினோடு பையை மாட்டினாள். பை உப்பியது, தணிந்தது. மிஷின் சொன்னதைவிடப் பெட்டி கொஞ்சம் குறைவாகச் சொன்னது. அனுமதிக்கலாம் என்ற அளவு. சாய்நாத் தலையை ஆட்டினான்.

இரண்டாவது மிஷினில் குறைவு அதிகமானது. நல்ல மிஷின் என்று ஜெயசீலிக்கே தெரிந்த மிஷின் அது. குழாயைச் சரிபார்த்து மறுபடி ஓட்டினாள். இன்னும் குறைந்தது. மூன்றாவதில் பாதி மூச்சுகூட வரவில்லை என்றது பெட்டி.

சாய்நாத் அவசரப்படவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்துகொண்டான்.

“மேடம், உங்க பொட்டி சொல்றதைப் பாத்தா இந்த ஆஸ்பத்திரில ஒருத்தரும் உயிரோட இருக்கக் கூடாது. டாக்டர் சாப் உட்பட.”

வெங்கடராமன் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு இழுத்துப் பார்த்துக்கொண்டார். கதவோரம் நின்ற பத்மஜா கைப்பையின் வாரைத் திருகினாள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு நர்ஸ் வந்து, தையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், மிஷினை எப்போது மேலே அனுப்பலாம் என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

ஜெயசீலி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையைக் கழற்றியாகிவிட்டது. பெட்டியோடு எதுவும் மாட்டியிருக்கவில்லை. சைபர் காட்ட வேண்டிய இடத்தில் அது சைபருக்குக் கீழே போயிருந்தது. பார்க்கப் பார்க்க இன்னும் கீழே நழுவியது. ஒன்றுமே இல்லாததைவிடக் குறைவாக இந்த உலகத்தில் என்ன இருக்க முடியும்? கீழே விழுந்த குழாயை எடுப்பதுபோலக் குனிந்து பெட்டியின் முகத்தைப் பார்த்தாள்.

சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. நடுவில் குங்குமம். வட்டம் கொஞ்சமும் பிசகவில்லை.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பைக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் பெட்டி அளக்கிறது. வெளிக்காற்று அதற்குத் தெரிவதே அந்தத் துளை வழியாக. துளை அடைபட்டால் உள்ளே கொஞ்சம் காற்று சிக்கிக்கொள்ளும். பெட்டி ஓட ஓடச் சூடாகும், சிக்கிய காற்று விரியும், கணக்கைக் கீழே இழுத்துக்கொண்டே போகும். முதல் மிஷின் தப்பியதும் அடுத்தடுத்து வந்தவை மோசமானதும் அதனால்தான்.

கை தானாகக் கொண்டை ஊசிக்குப் போனது. ஒரு குத்து, சரியாகிவிடும். ஊசியை உருவப் போனவள் நிறுத்தினாள். அவள் கையால் பெட்டியைத் தொட்டு, அதற்கப்புறம் பெட்டி அவள் சொன்னதையே சொன்னால்? ஜாதூ, மாயவித்தை என்று சாய்நாத் சொல்லுவான். டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டவே மாட்டார். நான்காம் நம்பர் மேலே போய்விடும்.

அவள் ஊசியை மறுபடி அழுத்திச் செருகினாள். ஸ்குரூடிரைவரை எடுத்து சாய்நாத்திடம் நீட்டினாள்.

“பொட்டியில ஏதோ கோளாறு இருக்கு சார். நீங்களே திறந்து பாத்துச் சொல்லுங்க.”

“நானா?”

“நான் தொட்டா நல்லா இருக்காது. மூடியிலயே படம் ஒட்டியிருக்கு, எது எங்கன இருக்குன்னு. சீல் கீல் எதுவும் கிடையாது.”

கடைசியாகச் சொன்னதில் அவன் விழுந்தான். அவனுடைய கறுப்பு சூட்கேஸில் இருந்த கருவிக்கு நான்கு பக்கமும் சீல். பிரித்தால் வேலை போய்விடும். அதை ரயிலிலும் ரிக்ஷாவிலும் சுமந்து அலைந்தானே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று கம்பெனி ஒரு நாளும் அவனைப் பார்க்க விட்டதில்லை. சின்ன வயதில் வீட்டு ரேடியோவை, கடிகாரத்தை, அப்பாவின் ஸ்கூட்டரைக் கழற்றிப் போட்டு உதை வாங்கித்தான் அவன் இன்ஜினியரானான். ஆன பிறகு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலையாகிப் போனது.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மூடியைத் திறந்தான். படத்தைப் பார்த்தான், உள்ளே பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். அவன் உதடு தானாக முணுமுணுத்தது. நல்ல சென்சார் என்றான். வயரிங் யாரு, கையெழுத்து மாதிரி இருக்கே என்றான். பத்மஜா நிமிர்ந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவன் விரல் படத்தில் ஒரு புள்ளியில் நின்றது. பெட்டியைத் திருப்பி முகப்பைப் பார்த்தான்.

“யே கியா ஹை? இது... சந்தனமா?”

“நேத்திக்கு ஆயுத பூஜை” என்றாள் பத்மஜா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

சாய்நாத் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். வெங்கடராமன் மட்டும் சிரிக்கவில்லை. எங்காத்துலயும் பி.பி. பாக்கற மிஷினுக்கு வெச்சா, காலைலேர்ந்து எனக்கு பிரஷரே இல்லேங்கறது என்றார் யோசனையாக.

சாய்நாத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சட்டையில் குத்தியிருந்த கம்பெனி பேட்ஜைக் கழற்றி அதன் ஊசியால் சந்தனத்தை நோண்டி எடுத்தான். துளையில் ஊதினான். சைபருக்குக் கொண்டுவந்தான். அதோடு விட்டிருக்கலாம். தன் சாமர்த்தியத்தை முழுதாகக் காட்டாமல் அவனால் இருக்க முடியவில்லை. சலைன் குழாய் ஒன்றை வாங்கி, தண்ணீர் ஊற்றி, ‘யு’ போல வளைத்துச் சுவரில் பிளாஸ்டரால் ஒட்டி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்தான். தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் அழுத்தம், இதை எந்தக் கம்பெனியும் ஏமாற்ற முடியாது என்று டாக்டருக்குப் பாடம் எடுத்தான். தண்ணீரும் பெட்டியும் ஒரே கணக்கைச் சொல்லின.

“டாக்டர் சாப், இப்ப பாருங்க. பொட்டி ஏக்தம் கரெக்ட். என் கேரண்ட்டி.”

“நிச்சயமா சார்?” என்று கேட்டாள் ஜெயசீலி.

“எழுதித் தரணுமா மேடம்?”

வேண்டாம் என்றாள்.

முதல் மிஷின் தேறியது. இரண்டாவது தேறியது. மூன்றாவதும். ஒவ்வொன்றுக்கும் சாய்நாத் தன் குழந்தைகள் மார்க் வாங்கியதுபோலத் தலையாட்டினான். அவனே பையை எடுத்து நான்காவதில் மாட்டினான். இத்தாலி நுரையீரல் உப்பியது. பாதி வழியில் சலித்துப்போனதுபோல நின்று, தணிந்தது. மிஷினின் திரை முழு மூச்சு என்றது. பெட்டி முக்கால் என்றது.

சாய்நாத் இன்னொரு தடவை ஓட்டினான். குழாயை மாற்றி ஓட்டினான். முக்கால்தான்.

“துளையை இன்னொரு வாட்டி பாக்கணுமா சார்?” என்றாள் ஜெயசீலி.

வெங்கடராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். உங்க கருவியிலயும் ஒரு தடவை பாத்துடுங்கோளேன், ரெண்டும் ஒண்ணா சொல்றதான்னு தெரியட்டும் என்றார் நல்லெண்ணத்தோடு. சாய்நாத் சூட்கேஸைத் திறந்து, வெளிநாட்டுக் கருவியை எடுத்து, பொத்தானை அழுத்தினான். பிறகு நெடுநேரம் அழுத்தினான். அது கண்ணே திறக்கவில்லை. எப்போது கடைசியாக சார்ஜ் போட்டான் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியவில்லை.

அவன் பெட்டியைக் குறை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தான். சுவரில் அவனே ஒட்டிய தண்ணீர்க் குழாய் எதிரே நின்றது. வாயை மூடிக்கொண்டு நான்காம் நம்பரிடம் போய், பச்சை ஸ்டிக்கரை நகத்தால் உரிக்க ஆரம்பித்தான். அது முழுதாக வரவில்லை, துண்டு துண்டாக வந்தது.

“நல்ல பசை” என்றாள் பத்மஜா.

தியேட்டரிலிருந்து வந்த நோயாளிக்கு முதலாம் நம்பர் போனது. அதன் சாமந்தி மாலையைக் கழற்ற மறந்து, லிஃப்ட்வரை போய்ப் பிறகு கழற்றினார்கள். நான்காம் நம்பர் சாய்நாத்தின் வண்டியில் ஏறியது. ஏறும் முன் அவன் ஜெயசீலியிடம் வந்து, டாக்டர் காதில் விழாத தூரத்தில் நின்று, மூடியில் இருந்த படம் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். அவள் அவன் கொடுத்த ஆப்டா இலைகளில் ஒன்றின் பின்பக்கம் இணைய முகவரியை எழுதிக் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் பத்மஜா நின்றுகொண்டே வந்தாள். சயானில் ஜன்னல் சீட் கிடைத்த பிறகுதான் கேட்டாள்.

“சந்தனத்தை நீ எப்பப் பாத்தே?”

“மூணாவது மிஷின்ல.”

“பாத்துட்டுமா வாயைத் திறக்கல?”

“நான் கழுவியிருந்தா அது என் பொட்டி. அவரு கழுவினதால அவரு பொட்டி. அவரு பொட்டி பொய் சொல்லுமா அக்கா?”

ஃபாதர்கிட்ட இதையும் மறக்காமச் சொல்லு என்றாள் பத்மஜா.

அன்று சாயங்காலமே பத்மஜா அந்த இணையக் கூட்டத்துக்கு எழுதினாள். பொது வழக்கப்படி, ஏற்பட்ட கோளாறு, காரணம், தீர்வு. இந்தத் துளையின்மேல் சந்தனம் வைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை அடுத்த பதிப்பின் குறிப்பில் சேர்ந்தது. சந்தனம் என்பது எந்த வகைத் தூசு, எவ்வளவு ஈரப்பதத்தில் உருவாகிறது என்று பிரேசிலிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். பத்மஜா பொறுமையாகப் பதில் எழுதினாள். வருடத்துக்கு ஒரு முறை, மாலையில், பக்தியால் உருவாகிறது என்று.

எச்சரிக்கை மட்டும் போதாது என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த வருடம் பூஜை வரும், அவள் கை சும்மா இருக்காது. அதனால் படத்தையும் திருத்தினாள். துளை மறுபடி அடிப்பக்கம் போனது. முகப்பின் நடுவில், எந்த வேலையும் செய்யாத ஒரு வட்டம் வந்தது. சற்று மேடாக, ஒரு விரல்நுனி அளவுக்கு. அது எதற்கு என்று அவள் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பிரேசில்காரர் புதுப் பதிப்பின்படி ஒரு டஜன் பெட்டிகள் அச்சிட்டு போட்டோ அனுப்பியிருந்தார். பன்னிரண்டு பெட்டிகளிலும் வட்டம் சரியான இடத்தில், கச்சிதமாக, காலியாக இருந்தது.